இருபது எண்ணி முடிக்கும் வரை

பாக்கெட் தைப்பதுதான் என் வேலை. பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் பதினோரு வருஷமாக அதே லைன், அதே மிஷின். எனக்கு முன்னால் இருப்பவள் ஓரம் அடிப்பாள், பின்னால் இருப்பவள் ஜிப் வைப்பாள், நடுவில் நான் பாக்கெட். முழுசாக ஒரு பேன்ட்டை நான் தைத்ததே கிடையாது; கேட்டால் மட்டும் ‘இன்னா பெரிய விஷயம்’ என்று சவடால் விடுவேன். அல்போன்சாவுக்கு வாய் ஜாஸ்தி என்று ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போனதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகன் எட்வின். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மூன்று வயதில் ஆஸ்பத்திரியில் ‘ஆட்டிசம்’ என்று சொன்னார்கள். ஏதோ காய்ச்சலின் பெயராக்கும் என்று நினைத்து, எத்தனை நாளைக்கு மாத்திரை கொடுக்கணும் டாக்டர் என்று கேட்டேன். அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எட்வின் நன்றாகப் படிப்பான். கணக்கில் நூற்றுக்கு நூறு. மெட்ரோவில் நம் பச்சை லைன் ஸ்டேஷன்களின் பெயரை நாகசந்திராவிலிருந்து தலைகீழாகச் சொல்வான். கேள்வி கேட்டால் பதில் வருவது மட்டும் கஷ்டம். அப்புறம் பின்கழுத்து. பின்கழுத்தில் யார் விரல் பட்டாலும் அவனுக்கு நெருப்புப் பட்ட மாதிரி.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் அசெம்பிளிக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற சுஹாஸ் என்ற பையன் எட்வினின் பின்கழுத்தைத் தடவியிருக்கிறான். இவன் திரும்பி ஒரே தள்ளு. சுஹாஸ் படியில் விழுந்து உதடு கிழிந்து இரண்டு தையல். பிரின்சிபல் வீணா மேடம் என்னைக் கூப்பிட்டார். வீணா மேடம் கத்தமாட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாக, கன்னடத்தில், ஒரு கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி சொன்னார்: “நோடி, பாருங்க அல்போன்சா, ஒரு மாசம் டைம் தரேன். கையை அடக்கக் கத்துக் கொடுங்க. இன்னொரு தடவை நடந்தா டி.சி. வாங்கிட்டுப் போங்க.”

இந்தப் பள்ளி கிடைப்பதற்கு முன்னால் ஏழு பள்ளிக்கூடத்தில் ஏறி இறங்கியிருக்கிறோம். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. ‘எங்ககிட்ட அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு வசதி இல்லை.’ சட்டம் இருக்கிறது, மறுக்கக் கூடாது என்று சனிக்கிழமை சாயங்காலம் எட்வினுக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் சொன்னாள். சட்டம் இருக்கிறது தாயி, சீட்டுதான் இல்லை.

அந்த தெரபிஸ்ட் நல்ல பெண். எட்வினுக்கு மூன்று படி சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். யாராவது தொட்டால் முதலில் கையைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ‘தொடாதே’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, நேராக மிஸ்ஸிடம் போய்ச் சொல்ல வேண்டும். “ரெண்டாவதுதான் முக்கியம், அதை மட்டும் வுட்டுடாதீங்க. அஞ்சாறு மாசம் ஆகும், பொறுமையா செய்யுங்க” என்று மூன்று தடவை சொன்னாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

எனக்குக் கொடுத்ததோ ஒரு மாசம். எங்கள் லைனில் ஸ்டாப் வாட்சோடு ஓர் ஆள் பின்னால் வந்து நிற்பார். ‘அல்போன்சா, கையை மூணு தடவை தூக்குறீங்க. ஒரு தடவை தூக்கினா போதும், டார்கெட் வந்துரும்’ என்பார். பதினோரு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு என் மூளையும் அப்படியே ஆகிவிட்டது. எந்த வேலையைப் பார்த்தாலும் இதில் எதை வெட்டலாம் என்றுதான் ஓடும். ‘தொடாதே’ என்ற வார்த்தை எட்வின் வாயில் வரவே மாட்டேன் என்றது. வராததை எதற்கு இழுத்துக்கொண்டு என்று இரண்டாவதை வெட்டினேன். இரண்டாவது இல்லாமல் மூன்றாவது எதற்கு? அதையும் வெட்டினேன். மிச்சம் ஒன்றே ஒன்று. யாராவது தொட்டால் கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விடு, இருபது வரை எண்ணு. அவ்வளவுதான்.

யூனிஃபார்ம் பேன்ட் பாக்கெட்டை நானே மாற்றித் தைத்தேன். கில்பர்ட்டின் பழைய பனியனை வெட்டி, உள்ளே மெத்தென்று வைத்து, மணிக்கட்டுவரை கை போகிற ஆழத்துக்கு. கில்பர்ட் என் வீட்டுக்காரர், கோலார் தங்கவயல்காரர், லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். தினமும் சாயங்காலம் அவர் எட்வினுக்குப் பின்னால் போய் பின்கழுத்தைத் தொடுவார். நான் முன்னால் நின்று “பாக்கெட்! பாக்கெட்!” என்பேன். அவன் கையை உள்ளே விட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவான். இருபது வந்தால் கையை நீட்டுவான், ஒரு நிப்பட்டு. மாவு, மிளகாய், வேர்க்கடலை எல்லாம் போட்டுச் சுட்ட அந்தத் தட்டை என்றால் அவனுக்கு உயிர். முதல் வாரம் கில்பர்ட் முகத்தில் நாலு கீறல். மூன்றாவது வாரம் சொல்லவே வேண்டாம், விரல் பட்டதும் கை உள்ளே.

பள்ளியிலிருந்து புகாரே வரவில்லை. ஜூலையில் வகுப்பு டீச்சர் ஸ்ரீரஞ்சனி மிஸ் ஃபோனில் கூப்பிட்டு, “வெரி குட் இம்ப்ரூவ்மென்ட். இப்போ எல்லார்கூடயும் விளையாடுறான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாதாவுக்குப் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றினேன். லைனில் எல்லாரிடமும் சொன்னேன். “அந்தத் தெரபிஸ்டு ஆறு மாசம் கேட்டா, நான் ஒரே மாசத்துல முடிச்சேன்” என்று பீற்றிக்கொண்டேன். அந்த நாக்கை இப்போது எதால் அறுப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்டில் ஆரம்பித்தது. சட்டை முதுகில் மார்க்கர் கோடு. தலைமுடியில் பபிள் கம். காதுக்குப் பின்னால் கிள்ளின தழும்பு. ஒருநாள் சாக்ஸ் வரை நனைந்து வந்தான், அன்று மழையே இல்லை. “யாருடா கண்ணு பண்ணது?” என்று கேட்டால் “இருவது” என்பான். எத்தனை தடவை கேட்டாலும் இருவது. விளையாட்டில் அப்படித்தான் ஆகும் என்று ஸ்ரீரஞ்சனி மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார்.

எதிர்வரிசை வீட்டு மோனிகா எட்வினோடு ஒரே வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது குழாயடியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மோனி, இருவதுன்னா இன்னாமா?”

அவள் தரையைப் பார்த்தாள். “கேம் ஆன்ட்டி.”

“இன்னா கேம்?”

“எட்வின் கழுத்தைத் தொட்டா அவன் பாக்கெட்ல கையை வுட்டுக்குனு எண்ணுவான்ல. அவன் இருவது சொல்றதுக்குள்ள யார் இன்னா வேணா பண்ணலாம். இருவது சொல்லிட்டா அவுட். சுஹாஸ்தான் ஸ்டார்ட் பண்ணான். நடுவுல எதுனா பண்ணி அவனுக்கு நம்பர் தப்பாயிடுச்சுன்னா மறுபடியும் ஒண்ணுலருந்து எண்ண வைப்பாங்க.”

“அவன் அழுவானா?”

“அழமாட்டான் ஆன்ட்டி. எண்ணிக்குனே இருப்பான். எங்க கிளாஸ்ல எல்லார்க்கும் இப்போ தமிழ்ல இருவது வரைக்கும் தெரியும். இந்திக்காரப் பசங்களுக்குக்கூட.” குழாயைத் திருகி மூடினாள். பிறகு, “முடிஞ்சதும் கையை நீட்டுவான். இன்னாத்துக்குன்னே தெரியல எங்களுக்கு. சுஹாஸ் சாக்பீஸ் குடுப்பான். அவன் அதைக் கடிச்சிப் பாத்துட்டுத் துப்புவான். எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள்.

எதற்கு நீட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்தக் குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுஹாஸ் மட்டும் அப்போது எதிரில் வந்திருந்தால் அவன் கையை ஒடித்திருப்பேன், சத்தியமாக.

சனிக்கிழமை பள்ளி அரைநாள் உண்டு. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். போகும் வழியெல்லாம் என்னென்ன கேட்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீணா மேடம் எல்லாவற்றையும் கேட்டார். ஸ்ரீரஞ்சனி மிஸ்ஸைக் கூப்பிட்டார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி கேமராவில் பதிவானதைக் காட்டினார்.

சத்தம் இல்லாத படம். வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், நடுவில் என் பிள்ளை. கை பாக்கெட்டில். ஒருத்தன் வாட்டர் பாட்டிலைத் தலையில் கவிழ்க்கிறான். ஒருத்தி கன்னத்தில் ஏதோ எழுதுகிறாள். எட்வின் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பாருங்க, அவனும் சிரிக்கிறான்தானே? சின்னப் பிள்ளைங்க விளையாட்டு” என்றார் வீணா மேடம்.

“மேடம், அவன் பயந்தா சிரிப்பான். ஊசி போடும்போதும் சிரிப்பான்.”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்?” ஸ்ரீரஞ்சனி மிஸ் உண்மையாகவே கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளை வைத்து மேய்க்கிறார். “அவன் வந்து என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருந்தான்னா நான் பார்த்திருப்பேனே. ஒருநாள்கூடச் சொல்லலை. ஒருநாள்கூட ‘வேண்டாம்’னு சொன்னதில்லை.”

சொல்லமாட்டான். அந்த இரண்டு படியையும் வெட்டிப்போட்ட நான்தான் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அதற்குமேல் என் வாயில் என்ன வரும்?

சுஹாஸைக் கூப்பிட்டார்கள். உதட்டில் அந்தத் தையல் வடு இன்னும் இருந்தது. இவ்வளவு சின்னப் பையனா என்று இருந்தது எனக்கு. என் தோள் உயரம்கூட இல்லை. “சாரி ஆன்ட்டி” என்றான். மேடம் சொல்லிக்கொடுத்த சாரி. பிறகு அவனாகவே, “நாங்க மட்டும்தான் ஆன்ட்டி அவன்கூட விளையாடுறோம். வேற யாரும் அவன்கிட்ட வரவே மாட்டாங்க” என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஐந்து வருஷமாக ஒரு பிறந்தநாளுக்குக்கூட என் பிள்ளையை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பையன் சொன்னது நிஜம்தான் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனை அனுப்பிவிட்டு வீணா மேடம் சொன்னார். “பசங்களை நான் கண்டிக்கிறேன். ஆனா நீங்க ஒண்ணை மறந்துடாதீங்க. அந்தப் பாக்கெட் பழக்கம் ரொம்ப நல்ல பழக்கம். அதை மாத்திடாதீங்க. அது போய் மறுபடியும் கை நீண்டதுன்னா, சுஹாஸோட அப்பா சும்மா இருக்கமாட்டார். என்னாலயும் வெச்சுக்க முடியாது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

நான் எழுந்து கும்பிட்டேன். “தேங்க்ஸ் மேடம்” என்றேன். வெளியே வந்து கேட்டைத் தாண்டிய பிறகுதான் எதற்கு தேங்க்ஸ் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தெருவில் எல்லாரிடமும் சண்டை போடுகிற வாய், த்தூ.

வீட்டுக்கு வந்து கில்பர்ட்டிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

“வேற ஸ்கூலு பாக்கலாம்மே.”

“எங்க? அந்த ஏழுல எதுங்க இப்போ வான்னு கூப்டுது? நடு வருஷத்துல எவன் சேத்துப்பான்?”

“அப்ப வூட்டுலயே இருக்கட்டும்.”

“யாரு பாத்துக்குவா? நீங்க வேலைய வுடுறீங்களா, நான் வுடவா? வூட்ல வெச்சா இன்னும் ரெண்டு மாசத்துல இருக்கிற பேச்சும் போயிடும், பாத்துக்குங்க.”

அவர் எழுந்து எட்வினுக்குச் சோறு போடப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. எட்வினுக்கு யூனிஃபார்ம் பேன்ட்டைப் போட்டு நடுவீட்டில் நிறுத்தினேன். கட்டத் தெரிந்த எனக்குப் பிரிக்கத் தெரியாதா என்று ஒரு திமிர். “எட்வின், யார்னா தொட்டா தள்ளு. இப்டி. கையால தள்ளு” என்று செய்து காட்டினேன். கில்பர்ட் பின்னால் போய் பின்கழுத்தைத் தொட்டார். கை பாக்கெட்டுக்குள் போனது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

“இல்லடா! தள்ளுடா! அப்பாவைத் தள்ளு!”

நாலு, அஞ்சு, ஆறு. இருபது முடித்துவிட்டு கையை நீட்டினான். நிப்பட்டு தரவில்லை. மறுபடி, மறுபடி, மறுபடி. மத்தியானம் ஆகிவிட்டது. கில்பர்ட் “போதும் வுடு, பிள்ள சோர்ந்துட்டான்” என்று ஒதுங்கிவிட்டார். நான் விடவில்லை. நானே பின்னால் போனேன். தொட்டேன். கிள்ளினேன். “என்னைத் தள்ளுடா, என்னை அடிடா, உங்கம்மாவ அடிடா!” என்று கத்திக்கொண்டே அந்தப் பின்கழுத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் உடம்பு ஒருமுறை உதறியது. முகம் சிரித்தது. பதிமூணில் இருந்தவனுக்கு எண்ணிக்கை தப்பிப்போனது. நான் எதுவும் சொல்லவில்லை. அவனாகவே மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பித்தான்.

கில்பர்ட் வந்து என்னைப் பிடித்து இழுத்தார். “அவனுங்களுக்கும் உனக்கும் இன்னாமே வித்தியாசம்?” என்று கேட்டார். அந்த மனுஷன் கல்யாணமாகி பதிமூன்று வருஷத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. சமையல் கட்டில் போய் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் யோசனை வந்தது. கை உள்ளே போனால்தானே நிற்கிறான்? போக இடம் இல்லாவிட்டால்? எட்வினின் மூன்று யூனிஃபார்ம் பேன்ட்டையும் எடுத்தேன். ஆறு பாக்கெட்டின் வாயையும் நெருக்கித் தைத்து மூடினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெட்டுவது, மூடுவது, எனக்கு இது இரண்டும்தானே தெரியும். கை வெளியே இருந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை எட்டு இருபதுக்குப் பள்ளி கேட்டில் நின்றோம். வீட்டில் அவன் பாக்கெட்டைத் தேடவில்லை, காலையில் யாரும் அவன் கழுத்தைத் தொடவில்லை. தெருவில் தேடவில்லை. கேட்டைப் பார்த்ததும்தான் கை தானாகக் கீழே போனது. துணியில் முட்டியது. மறுபடி முட்டியது. குனிந்து பார்த்தான். அப்புறம் கத்தினான் பாருங்கள், அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் அவனிடம் கேட்டதே இல்லை. இரண்டு கையாலும் தொடையில் மாறி மாறிக் குத்திக்கொண்டான். நகத்தால் துணியைப் பிறாண்டினான். நகம் கிழிந்து ரத்தம் வந்தது. தன் தலையில் அடித்துக்கொண்டான். என்னை அடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த யாரையும் அடிக்கவில்லை. வெளியே விட்ட கை அவனைத்தான் அடித்தது.

பிள்ளைகளைக் கொண்டுவிட வந்தவர்கள் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தர் படம் எடுக்க ஃபோனைத் தூக்கினார். வாட்ச்மேன் கோவிந்தப்பா ஓடி வந்தார். “ஏனாயித்தம்மா, என்ன ஆச்சு? இப்படியே உள்ள வுட்டா மேடம் என்னைத் திட்டுவாங்க. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார். மாடியில் வீணா மேடத்தின் ஜன்னல் திறந்தது. கோவிந்தப்பா ஒரு கையால் கேட்டைப் பாதி சாத்தினார்.

அந்தப் பாதிக் கேட்டைப் பார்த்தேன். இன்று இவனைக் கூட்டிக்கொண்டு போனால் நாளைக்கு இது திறக்காது. அது எனக்குத் தெரியும். மண்ணில் முட்டி போட்டேன். நூல் வெட்டுகிற சின்னக் கட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். அவன் உதறிக்கொண்டே இருந்தான், துணியோடு தொடையையும் வெட்டிவிடாமல் இருக்க இடது கையால் துணியை இழுத்துப் பிடித்தேன். ஒரு பக்கம் பிரித்தேன். இன்னொரு பக்கம் கட்டர் வழுக்கிவிட்டது, பல்லால் கடித்து இழுத்தேன். இரண்டு கையும் உள்ளே போயின. சத்தம் நின்றது. மூக்கை உறிஞ்சினான். முகம் அமைதியாகிவிட்டது. நான் பெற்ற பிள்ளை, இந்த அமைதியைக் கொடுத்ததும் நான்தான்.

முதல் மணி அடித்தது. உள்ளேயிருந்து சுஹாஸ் ஓடி வந்தான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்வினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மண்ணில் முட்டி போட்டிருந்த எனக்கு அவன் முகம் நேராக இருந்தது.

“எட்வின், பா” என்று கன்னடத்தில் கூப்பிட்டான். கூப்பிட்டதுமே எட்வின் கேட்டுக்குள் நடந்தான். வேறு யார் கூப்பிட்டாலும் இப்படிப் போகமாட்டான். சுஹாஸ் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் கம்பிக்குள் கையை விட்டு அந்தப் பையனின் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியில் அவன் பயந்துபோனான். அவன் மொழியிலேயே, “ஸ்வல்ப நோட்கோ கண்ணா, உன் காலைப் புடிச்சிக் கேக்கறேன், கொஞ்சம் பார்த்துக்கோ” என்றேன்.

“ஓகே ஆன்ட்டி” என்றான் சுஹாஸ்.

கோவிந்தப்பா கேட்டைச் சாத்தினார். எனக்கு ஒன்பதே காலுக்கு ஃபேக்டரியில் கார்டு பஞ்ச். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.